யாரைச் சான்றாகக் காட்டுவது?

தலைச்சோலையிலிருந்து ஓர் இளைஞன் வேலை விண்ணப்பப் படிவம் ஒன்றோடு என்னிடம் வந்தான். சேலத்தில் பண்டகக் காப்பாளர் பணி. உறவினர் அல்லாத, தன்னை நன்கறிந்த இருவரின் பெயரைக் கேட்கும் கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. "பங்குச்சாமியார் ஒருவர். மற்றொன்று உங்கள் பெயரைப் போடலாமா, ஐயா?" என்றான்.

ஞாயிறு திருப்பலியில் பாடற்குழுவில் அவனைக் கண்டிருக்கிறேன். அவன் வேலை செய்து ஒருநாளும் கண்டதில்லை.

"ஐந்தாண்டு கணக்கெழுதினாயே தம்பி, அந்தக் காப்பித் தோட்டத்து மேலாளரை ஏன் விட்டாய்?"

தலை கவிழ்ந்தான். ஒரு டிசம்பர் அறுவடையில் எடைக் கணக்கைத் தவறாக எழுதிவிட்டானாம். பழம் பறித்த பெண்களுக்குக் கூலி குறைந்தது. இரண்டு நாள் உறக்கமின்றி இருந்து, தானே போய்ச் சொல்லி, குறைந்ததைக் கொடுக்கச் செய்திருக்கிறான். கடுமையான ஏச்சு கிடைத்தது. "என் தவறு அவருக்குத் தெரியுமே, ஐயா."

அதை ஒளிக்காமல் சொன்னதும் அவருக்குத்தானே தெரியும்?

1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார். பின்னர் தோட்டங்கள் பெருகிய நாளில் மேஸ்திரியின் வாய்ச்சொல்லே ஒருவனுக்குச் சான்று. அதில் அநீதி மலிந்திருந்தது. ஆயினும் அவன் ஆளை அறிந்து பேசினான். இன்று நாம் தேடுவதோ பதவியை. திருமுழுக்குப் பதிவேட்டில் மட்டும் அறிந்தவருக்கெல்லாம் நன்னடத்தைச் சான்று எழுதித் தரும் குருக்கள்மீது எனக்கு இரக்கமே உண்டு. மறுத்தால் மனம் புண்படும். ஆனால் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை பழிச்சொல்லுக்கு மட்டுந்தானா? அறியாமல் புகழ்வதும் அதற்குள் அடங்காதா?

சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அஞ்சி ஒதுங்கினர். அவருடைய பழைய வாழ்வை மறைக்க வழியே இல்லை. பர்னபா அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச்சென்று, வழியில் அவர் ஆண்டவரைக் கண்டதையும் தமஸ்குவில் துணிந்து பேசியதையும் எடுத்துரைத்தார் (திப 9:26-27). அதே பவுல் பின்னாளில் ஒனேசிமுக்காகப் பிலமோனுக்கு எழுதும்போது அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் தம் கணக்கில் வைக்கச் சொல்கிறார். குறையறிந்தவர் தரும் சான்றுக்கே இந்தக் கனம் வரும்.

இதைச் சொல்வது எனக்கு எளிது. மேலாளர் பழைய கோபத்தில் ஒரு வரி எழுதினால், வேலை இழப்பவன் அவன். அதனால் வற்புறுத்தவில்லை. என் பெயரையும் மறுக்கவில்லை. "கோயிலில் அறிவேன், வேலையில் அறியேன் என்றுதான் எழுதுவேன்" என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தான். பின் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அவரிடம் முதலில் அனுமதி கேட்கவேண்டும், இல்லையா ஐயா?" என்று எழுந்தான்.