கிழக்கே பார்ப்பவன்

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பது பழமொழி. விடிவெள்ளி எப்போது முளைக்கும், ஆட்டம் எப்போது முடியும், உடலை எப்போது தரையில் சாய்க்கலாம் என்று ஏங்கிக் கிழக்கைப் பார்க்கிறான் ஒருவன். பொழுது எப்போது சாயும், மண்வெட்டியை எப்போது கீழே வைக்கலாம் என்று மேற்கைப் பார்க்கிறான் மற்றவன். திசை இரண்டு, ஏக்கம் ஒன்று! இதைச் சொல்லிவைத்தவன் எந்தக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவனல்லன். ஆயினும் கூத்தாடியையும் கூலிக்காரனையும் ஒரே வரியில் நிறுத்தத் தெரிந்திருந்தது அவனுக்கு. பட்டம் பெற்ற நாமோ, வயலில் நடப்பதை உழைப்பு என்கிறோம். களரியில் நடப்பதை ஆட்டம் என்கிறோம். ஆட்டம் என்று பெயர் வைத்துவிட்டால், கூலியைப் பற்றிப் பேச வேண்டிய தொல்லை இல்லையல்லவா?

அன்பர்களே, மேட்டூரிலிருந்து ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம் என்று விரிந்து கிடக்கும் சமவெளியில், தை அறுப்பு முடிந்தது முதல் ஆடி வரை ஊருக்கு ஊர் நோம்பி. நோம்பிக்கு ஊர் கூடி உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறது. எல்லோரும் முன்னே உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். பின்னே சென்று பார்த்தவர் எத்தனை பேர்?

பின்னே என்றால் மாளிகை அன்று. நான்கு கழிகளில் கட்டிய தென்னங்கீற்று மறைப்பு. சில ஊர்களில் அதுவுமில்லை, ஒரு புளியமரத்தடி. அங்கே வரிசையாகத் தகரப் பெட்டிகள். பெட்டியைத் திறந்தால் கிரீடம், புஜங்களில் பூட்டும் கட்டை, மார்புப் பதக்கம். எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. எடை குறைந்தது என்பது ஒப்பிட்டுச் சொல்லும் சொல்லே. இரவு பத்து மணிக்கு அணிந்து விடியும்வரை சுழன்றாடுபவனின் தோளைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். உள்ளங்கை அகலக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்து, மறு கையால் முகமெழுதிக்கொள்கிறான் அரசன். தேங்காய் எண்ணெயில் குழைத்த வண்ணம் நெற்றியில் ஏறுகிறது. வேடம் போடுவதற்கே அரிதாரம் பூசுவது என்று பெயர். அரிதாரம் என்பது என்ன? கந்தகத்தோடு கூடிய ஆர்சனிக் கனிமம், அதாவது நஞ்சு. தலைமுறை தலைமுறையாக இந்த மஞ்சள் நஞ்சைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு நமக்கு இரணியனையும் துரியோதனனையும் காட்டினார்கள். இன்று கடை வண்ணங்கள் வந்துவிட்டன. பழைய பெயர்தான் போகவில்லை.

ஒரு பக்கம் முகவீணைக்காரர் சீவாளியை ஈரப்படுத்துகிறார். ஒரு பக்கம் ஆர்மோனியத்தின் துருத்தியில் விழுந்த ஓட்டைக்குத் தாள் ஒட்டப்படுகிறது. பெண்வேடக்காரர், மீசையை மழித்த இடத்தில் வண்ணம் நிற்கவில்லையே என்று மீண்டும் பூசுகிறார். சேலையை மறைவின்றிக் கட்டவேண்டியிருப்பதால், ஊர் இளைஞர்கள் நான்கு பேர் நின்று பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் சிரித்து மழுப்புகிறார். சண்டையிட்டால் நாளை இந்த ஊரில் ஆட்டமில்லை!

பின்னர் திரை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகைத் திரை சொல்லும். அந்த மரபின் எச்சமாக இங்கே இருவர் ஆளுக்கொரு முனையாய்ப் பிடித்த ஒரு துணி. துணிக்குப் பின்னிருந்து அரசன் தன் பெருமையைத் தானே பாடுகிறான், கால் சலங்கை அதிர்கிறது, துணி விலகுகிறது, நாற்புறமும் ஆரவாரம். இரண்டு முழத் துணிக்கு இந்தப் பக்கம் மன்னன். அந்தப் பக்கம், நேற்று வரை செங்கற்சூளையிலோ ஜவ்வரிசி ஆலையிலோ விசைத்தறியிலோ நின்றவன்.

நள்ளிரவு கடந்தது. துச்சாதனன் துகிலைப் பற்றி இழுக்கிறான். பாஞ்சாலி கதறுகிறாள். பார்வையாளரில் ஒருவர் எழுந்து வருகிறார், கையில் ஒரு நோட்டு. உடனே கதறல் நிற்கிறது, துகிலுரிதல் நிற்கிறது, அத்தினாபுரத்து அவையே நிற்கிறது! கொடுத்தவர் பெயர், ஊர், வகையறா எல்லாம் ஒலிபெருக்கியில் வாழ்த்தோடு முழங்குகின்றன. பிறகு, விட்ட இடத்திலிருந்து பாஞ்சாலி அழத் தொடங்குகிறாள். இதைக் கண்டு, கலை கெட்டது என்று முகஞ்சுளிக்கும் படித்த நண்பர்களை நான் அறிவேன். கெட்டதுதான். ஆனால் பேசிய தொகை போதுமானதாக இருந்தால், பாஞ்சாலி ஏன் அழுகையை நிறுத்துகிறாள்? பணத்தைச் சட்டையில் குத்தி மகிழும் கைகளுக்கு, மாலையில் விலை பேசும்போது மட்டும் நடுக்கம் ஏன் வருகிறது?

நான் எழுப்ப விரும்பும் வினா இங்கே பிறக்கிறது. களரியில் நாம் தரும் மதிப்பு யாருக்கு? வேடத்துக்கா, வேடம் தரித்த மனிதனுக்கா?

வேடத்துக்கு நாம் தரும் மதிப்பு சாதாரணமானதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடத்தில் மேடைமீது தோன்றக் கண்டு, கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அதிர்ச்சியில் கருச்சிதைவுற்றாள் என்றும், அந்த வேதனைக்குப் பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். உண்மைக்கும் நடிப்புக்கும் இடையிலிருந்த கோடு பார்வையாளர் உள்ளத்தில் அத்துணை மெல்லியது. எமனைக் கண்டு உயிர் நடுங்கும். கர்ணன் விழுந்தால் கண்ணீர் வழியும். கோடு எப்போது கற்கோட்டையாகிறது தெரியுமா? விடிந்தபின்! கிழக்கு வெளுத்து, மங்களம் பாடி, கிரீடம் பெட்டிக்குள் போனபின். இரவெல்லாம் கர்ணனாக நின்றவனுக்கு அண்மைக்காலம் வரை பல ஊர்த் தேநீர்க்கடைகளில் தனிக் குவளை. கூத்தில் ஆடியவர்களில் பலர் நிலமற்றவர்கள், ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். கர்ணனும் பிறப்பால் இழிக்கப்பட்டவன் என்று கதை கேட்டு அழுத கண்களுக்கு, எதிரே நிற்கும் கர்ணன் தெரியவில்லை.

இது நம் நாட்டின் தனிச்சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். 1673-இல் பாரிசில், நோயோடு மேடையேறி, ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில் மாண்டான் மோலியேர் என்னும் நாடக மேதை. நடிகன் என்பதால் புனித மண்ணில் புதைக்க மறுத்தது திருச்சபை. மன்னன் பதினான்காம் லூயி குறுக்கிட்ட பிறகே, அதுவும் இரவில், அடக்கம் நடந்தது. மன்னனைச் சிரிக்க வைத்தவனுக்கு ஆறடி மண்ணுக்கு மன்னனின் பரிந்துரை வேண்டியிருந்தது!

நம் கூத்தருக்கு மன்னரும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தனர். மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே பெயர். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வழியில் கண்ட இன்னொரு கூத்தனை அவனிடம் ஆற்றுப்படுத்தும் பாட்டு அது. அந்தக் கூத்தர் வழிவந்த சொல்தான் இன்று 'கூத்தாடி' என்னும் வசைச்சொல். 1967 தொடங்கிப் பல பத்தாண்டுகள் நாடகம் எழுதியவர்களும் நாடகத்தில் நடித்தவர்களும் இந்த நாட்டின் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார்கள். காவிரிக்கரைக் கொடுமுடியில் வறுமையில் பிறந்து மேடையில் வளர்ந்த கே.பி.சுந்தராம்பாள் 1958-இல் சட்ட மேலவை உறுப்பினரானார். பெருமைதான்! ஆனால் தனி மனிதர் சிலர் ஏணியில் ஏறினர், ஏணி நின்ற தரை அப்படியே கிடக்கிறது. வசைச்சொல் இன்னும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "கலையைக் கூலியால் அளக்கலாமா? அது தெய்வீகமல்லவா? மரபல்லவா?" என்பார்கள். மென்மையான குரலில் சொல்லப்படும் வன்மையான வாதம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மேடையேறினர். பொருள் கருதாமல் கலை கருதி நடித்தனர். நாடகத்துக்கு அவர்களால் மதிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பொருள் வர வேறு வழி உள்ளவர் பொருளை மறக்கலாம். மறுநாள் உலைக்கு அரிசி எண்ண வேண்டியவன் எப்படி மறப்பான்? ஒருவன் செய்வதைத் தெய்வீகம் என்று உயர்த்தி, அந்த உயரத்தைக் காட்டியே அவன் கூலியைக் குறைப்பது, புகழ்ச்சி வேடமிட்ட சுரண்டலாகும். பொன்னாடை போர்த்துகிறோம், வெயிற்காலத்தில் ஆடும் கூத்தனுக்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கியதில்லை.

குற்றம் முழுதும் ஊருடையது என்று சொல்லி, கொட்டகைக்குள் கண்ணை மூடிக்கொள்வது நேர்மையாகாது. உள்ளேயும் அரசுண்டு, அடிமையுண்டு. பல குழுக்களில் ஆட்டக்காரர் ஆண்டுத் தொடக்கத்தில் முன்பணம் பெற்றுக்கொள்கிறார். அது கழியும்வரை குழுவை விட்டு நகர முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடப்போரின் கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வருவாயைப் பங்கிடும்போது வேடத்துக்குத் தக்க பங்கு. பெட்டி சுமக்கும் சிறுவனுக்கு மிஞ்சியது. மேடையில் கொடுங்கோலனைப் பழிப்பவரே திரைக்குப் பின்னால் தாளம் தப்பிய பையனின் காதைத் திருகுவதுண்டு.

பையன் என்றதும் பழைய பாய்ஸ் கம்பெனிகள் நினைவில் எழுகின்றன. 1918-இல் டி.கே.சண்முகம் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தபோது வயது ஆறு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ம.கோ.இராமச்சந்திரன் சேர்ந்ததும் பால் மணம் மாறாத பருவத்தில்தான். வீட்டில் வறுமை, கம்பெனியில் மூன்று வேளைச் சோறு. ஆடல், பாடல், தமிழ் உச்சரிப்பு அனைத்தும் கற்பித்தார்கள், பிரம்போடு! பிறகு ஒருநாள் குரல் உடையும். நாடகக்காரர் மொழியில் அதற்கு மகரக்கட்டு என்று பெயர். இயற்கை ஒரு சிறுவனை இளைஞனாக்கும் வேளை, கம்பெனியின் கணக்கில் ஒரு நட்டம். பெண்வேடத்தில் பாடி ஊரை மயக்கியவன், குரல் போன மறுநாள் திரை இழுப்பவனானான், அல்லது வீட்டுக்கு வண்டி ஏறினான். புகழ் பெற்றவர்களின் வரலாற்றை நாம் படிக்கிறோம். குரல் உடைந்து வண்டி ஏறியவர்கள் நூல் எழுதவில்லை.

நான் பாடம் சொல்லும் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் நோம்பிக் காலத்தில் முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவான். தந்தையின் கூத்துக் குழுவில் அவன்தான் தாளம். "கூத்தாடி பிள்ளைக்கு அல்ஜீப்ரா எதற்கு?" என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் கேட்டது. தந்தையை அழைத்துப் பேசினேன். கைகட்டி நின்றவர் சொன்னார்: "பையன் தாளம் போட்டா அரைப் பங்கு சேந்து வருதுங்க சார். அந்த அரைப் பங்குலதான் அவனுக்கு நோட்டு வாங்குனேனுங்க." என்ன விடை சொல்வது? ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். நியாயமான சட்டம். ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தின் விலை இரவு முழுதும் கண்விழித்த ஒரு பிள்ளையின் உறக்கமாக இருந்தால், உரிமையை யார் யாருக்கு வழங்குகிறார்கள்? தந்தையின் பங்கு முழுப் பங்காக இருந்திருந்தால், மகனின் அரைப் பங்கு தேவைப்பட்டிருக்காது. கணக்கு அவ்வளவுதான், அல்ஜீப்ராகூட வேண்டியதில்லை.

இனி, பகுத்தறிவு பேசும் தோழர்கள் கேட்பார்கள்: "புராணப் புளுகை இரவெல்லாம் பரப்புகிறானே, அவனுக்கா பரிந்து பேசுகிறாய்?" கேட்கத் தகுந்த கேள்வி. புராணத்தில் எனக்குப் பற்றில்லை. ஆனால் இரணிய நாடகத்தைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் ஒன்றை அறிவார். மிகப் பெரிய கிரீடம் இரணியனுக்கு, மிகத் தேர்ந்த ஆட்டக்காரன் இரணியனுக்கு. தூணைப் பிளந்து வரும் நரசிம்மத்துக்கு இரவின் கடைசியில் சிறிது நேரம். மற்ற பொழுதெல்லாம் களரி அவனுடையது! பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934-இல் மேடையேறும் முன்பே, அவனை வீரனாக நிமிர்ந்து நிற்க வைத்திருந்த கால்கள் இந்தச் சமவெளியில் சலங்கை கட்டியிருந்தன. மேலும், கதை பிடிக்காவிட்டால் புதுக் கதை எழுதிக் கொடுப்பது எழுதத் தெரிந்தவன் கடமை. எழுதிக் கொடுக்காமல், ஆடுபவனின் அடுப்பை அணைப்பது எந்தச் சீர்திருத்தத்தில் சேரும்?

2020 மார்ச்சில் நாடு முழுதும் கதவடைத்தது. கூத்துக்குரிய பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் பெட்டிக்குள் போயின. நல வாரிய உதவி பதிவு பெற்றவர்க்கு என்றால், பதிவு பெறாத தாளக்காரனும் திரை பிடிப்பவனும் எங்கே போய்க் கேட்பது? வேடம் கட்டியவனுக்காவது முகம் உண்டு. திரை பிடிப்பவனின் முகத்தைக் களரியில் யாரும் பார்த்ததில்லை, திரை மறைத்துவிடுகிறது.

வரும் பங்குனியில் ஊர்ப் பெரியவர்கள் நோம்பிக் கணக்கு நோட்டை விரிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, வாணவேடிக்கைக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு என்று எழுதி, மிச்சத்தில் கூத்துக்கு ஒரு தொகை குறிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, கூத்துக்கான தொகையை முதல் வரியில் எழுதச் சொல்லட்டும். பெண்வேடக்காரர் சேலை கட்ட மூடிய இடமும், வேடம் கலைக்கத் தண்ணீரும், விடிந்தபின் படுக்கப் பள்ளித் திண்ணையேனும் கேட்கட்டும். பேசிய பணத்தை மங்களம் பாடும் முன்னரே எண்ணிக் கொடுத்துவிடும்படி சொல்லட்டும். "கூத்தாடிக்கு இவ்வளவா?" என்று யாரேனும் கேட்பார். கேட்டால், எட்டு மணி நேரத்துக்கு அவர் தம் தோட்டத்தில் என்ன கூலி கொடுக்கிறார் என்று திருப்பிக் கேட்கலாம்.