கசியும் பானை

பங்குனிக் கடைசி. களமருதூரில் காலை பத்து மணிக்கே தரை சுடுகிறது. திண்ணை ஓரம் மணல் கொட்டி, புதுப் பானையை அதில் உட்கார வைத்தேன். உளுந்தூர்பேட்டை சந்தையில் வாங்கியது. கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கருந்திட்டு. வேறு பானைக்குக் கை நீட்டினேன். “தட்டிப் பாரு தம்பி, அப்புறம் சொல்லு” என்றார் விற்ற ஆயா. விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்றது. அதையே எடுத்துக்கொண்டேன்.

*

சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடியே இருக்காது. வாயும் கழுத்தும் கனத்த சுவரும் மட்டும்தான். அரை ஈரத்தில், உள்ளே ஒரு கையால் கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டத் தட்டத்தான் வயிறு விரியும், அடி மூடும். உள்ளே கைவிட்டுத் தடவினேன். கல் அழுந்திய குழிவுகள் வளைந்து வளைந்து போயின. ஓரிடத்தில் மட்டும் இரண்டு குழிவுகள் நெருங்கிக் கிடந்தன. சுவர் அங்கே தடித்துப் போயிருக்க வேண்டும். குயவரின் கை அதை அறிந்து இன்னொரு தட்டுத் தட்டியிருக்கிறது. அங்கேயே வெகுநேரம் விரலை வைத்திருந்தேன்.

கருந்திட்டு சூளை போட்டது. காற்றுப் பட்ட பக்கம் மண்ணிலுள்ள இரும்பு சிவந்துவிட்டது. புகை அடைத்த பக்கம் கறுத்தது.

*

புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் பாத்திரங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். உயர்ந்த சூட்டில் வெந்து கல்லாய் இறுகியவை. சொட்டு நீர் கசியாது. ஆனால் அவற்றில் ஊற்றிவைத்த தண்ணீர் சித்திரை வெயிலில் குளிராது. வைக்கோலிலும் வறட்டியிலும் வெந்த நம் பானைதான் வியர்க்கும். அந்த ஈரம் காற்றில் உலரும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் கொண்டு போய்விடுகிறது.

ஜப்பானில், 16-ஆம் நூற்றாண்டில், சோஜிரோ என்ற குயவர் சக்கரமே இல்லாமல் கையால் பிடித்த தேநீர்க் கிண்ணங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, மேடுபள்ளங்களோடு. இங்கே அதே கோணலைக் காட்டிப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். மனசு கேட்கவில்லை.

*

மாலை. பானைக்கு அடியில் மணல் நனைந்து கறுத்திருக்கிறது. ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். மண் வாசனையோடு தொண்டை குளிர்ந்தது.

இந்தக் கோடையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பாருங்கள். ஓசை கணீரென்றால், கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள்.