சம்மதம்

மனநோய்க்கு மருந்து வேண்டாமென்று பிடிவாதம் செய்பவனுக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது தர்மமா? மன்னார்புரத்தில் ஓர் அம்மாள், ரிஸ்பெரிடோன் மாத்திரையைப் பொடித்துத் தயிர் சாதத்தில் பிசைந்து மகனுக்குப் போட்டு வந்தாள். தினந்தோறும் தவறாத பொய். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

விஞ்ஞானம் வேறு வழி கண்டது. அதே மருந்தைப் பாலிமரால் ஆன நுண்ணிய உருண்டைகளில் பொதிந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடலாம். அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற முறை. உடம்பின் ஈரத்தில் பாலிமர் மெல்லச் சிதைந்து மருந்தை விடுவிக்கிறது. சிதைந்து வருவதில் ஒன்று லாக்டிக் அமிலம். தயிரின் புளிப்பும் அதுதான்! இன்னும் சிறிய நானோத் துகள்களிலும் இதே உபாயத்தைக் கையாளுகிறார்கள்.

பொய் ஒழிந்தது, சரி. ஆனால் மாத்திரை என்றால் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். இந்த ஊசியிலோ, மருந்து பெரும்பாலும் மூன்று வாரம் கழித்தே வெளிவரத் தொடங்கி, ஆறாவது வாரம் வரை ஊறிக்கொண்டிருக்கும். நடுவில் மனம் மாறினால் யாரிடம் போய்ச் சொல்வது?

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், தெளிவாக இருக்கும்போதே தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது கூடாது என்று எழுதிவைக்கும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. என்னைக் கேட்டால், ஊசிக்கு முன் அந்தக் காகிதம் வரவேண்டும். அதை எழுத, அவன் தெளிந்திருக்கும் நாட்கள் இல்லாமல் இல்லை. பேச்சை எடுப்பது யார் என்பதில்தான் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.