மத்யன் நகரின் மாப்பிள்ளை



நபி மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டு மத்யன் வந்து சேர்ந்த வரலாற்றைத் திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் ஓதி வருகிறோம். கால்நடையாகவே வந்தார்கள், வழியில் இலைதழைகளே உணவாயின என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். அறிந்தவர் ஒருவருமில்லாத ஊர். நீர்த்துறையில் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்ற இரு பெண்மக்களைக் கண்டு, விஷயத்தை விசாரித்து, அவர்களுக்காகத் தண்ணீர் புகட்டிவிட்டு, நிழலில் போய் ஒதுங்கினார்கள். அவ்விருவரில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தம் தந்தையார் அழைப்பதாகச் சொன்னார். அந்தக் குடும்பத்திலேயே மூஸா நபிக்குப் பெண் கொடுக்கப்பட்டது. எட்டு ஆண்டு ஊழியம் உடன்படிக்கை, விரும்பினால் பத்து. மாமனார் வீட்டு வாசலை மிதிக்குமுன்பே அவ்வூரின் கிணற்றடியும், அங்கே யார் முந்துகிறார், யார் காத்து நிற்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

நம்மவர் நிலை என்ன? பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் வாலிபர் கிள்ளானில் பெண் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருநாளுக்குப் பெருநாள் காரில் போகிறார். மாமி ஆக்கிய பிரியாணியை உண்கிறார் (அதிலே குறை சொல்ல நாம் வரவில்லை!). அஸருக்குள் திரும்பிவிடுகிறார். பத்து வருஷமானாலும் நாலாவது வீட்டுக்காரர் யாரென்று அறியார். ஒரு நாள் மாமனார் மௌத்தாகிறார். சந்தூக்கைத் தோளில் ஏந்த வேண்டிய மாப்பிள்ளை, மையவாடிக்கு வழி எதுவென்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறார். இப்படிக் கேட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கிள்ளான் இன்று பெருநகரம்தான். ஆயினும் அதன் பழைய ஊர் காலுக்கு அடங்கியது. கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் அதன் நடுவிலேயே இறங்கலாம். இருப்புப்பாதை 1890-இல் வந்த ஊர் அது. அருகே ராஜா அப்துல்லாஹ் 1857-இல் கட்டிய வெள்ளீயக் கிடங்கு நிற்கிறது. 1909-இல் எழுந்த அரசாங்கக் கட்டடம் இப்போது சுல்தான் அப்துல் அஸீஸ் அரச காட்சியகம். தெங்கு கிளானா சாலைக்குப் போனால் பூமாலைக் கடை, ஜவுளிக் கடை, மளிகைக் கடை, நம்மவர் தொழும் இந்தியப் பள்ளிவாசல். ஆற்றின் மேல் பழைய கோத்தா பாலம். ஒரு காலத்தில் மேல்தட்டில் வண்டிகள் ஓட, கீழ்த்தட்டில் மக்கள் நடந்தார்கள். இவற்றையெல்லாம் தனியே பார்த்தால் அது சுற்றுலா. மச்சானைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். "இங்கேதான் வாப்பா முதல் கடை போட்டார்கள்" என்று அவர் ஓரிடத்தில் நிற்பார். அங்கே நாமும் நிற்கவேண்டும்.

பாதைக்கும் ஹக்கு உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது. புது மாப்பிள்ளைக்கு இவற்றைவிட நல்ல அறிமுகச் சீட்டு வேறில்லை. பத்துக் கடைக்காரர்களின் ஸலாமுக்கு முகம் மலர்ந்து பதில் சொன்னவரை ஊர் மறக்காது. வீட்டிலே மனத்தாங்கல் வந்தால் இரு பக்கமும் பேசவல்ல பெரியவர் ஒருவரும் அந்தப் பத்துப் பேரில் இருப்பார். வழக்குப் பெரிதான பின்பு அவரைத் தேடினால் எங்கே கிடைப்பார்?

மறுபக்கமும் உண்டு. காயல்பட்டினத்திலே பெண்மக்கள் தாராளமாய் நடமாட முடுக்கு என்னும் சந்துகள் உண்டு; மணமானபின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது அங்கே வழக்கம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண் இங்கே கடை மாடிக்கு வந்து சேர்கிறாள். கணவர் காலை ஏழு மணிக்கு இறங்கினால் இரவு பத்துக்கு ஏறுகிறார். அவளுக்குத் தெரிந்த கிள்ளான் ஒரு ஜன்னல் அளவே. இதைப் பேணுதல் என்கிறோம். இஃதிகாஃபில் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள், இரவிலே காண வந்த ஸஃபிய்யா நாயகியை வழியனுப்ப எழுந்து உடன் நடந்தார்களே! இரு அன்சாரித் தோழர்கள் எதிர்ப்பட்டபோது, இவர் ஸஃபிய்யா என்று தாமே அறிவிக்கவும் செய்தார்களே!

கடையை யார் பார்ப்பது என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுதபின் கடை திறக்க நேரமிருக்கிறது. அப்போது தெங்கு கிளானா சாலையில் வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை.