மஞ்சள் துணியில் முடிந்த காசு

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலைப்படிகளில் காவடியோடு ஏறுகிறவர்களில் பலர் புதிதாக எதையும் கேட்க வருவதில்லை. முன்பு எப்போதோ கேட்டதற்குக் கணக்குத் தீர்க்க வருகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்த இரவில் வாய்விட்டுச் சொன்ன சொல், 365 படி ஏறி, மொட்டையாகவோ காவடியாகவோ அடைபடுகிறது. உடனே செலுத்த முடியாத வீட்டில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இப்படி வேண்டிக்கொண்டு செலுத்துவதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர். செய்ய வேண்டியதற்கும் திருப்பித் தர வேண்டியதற்கும் தமிழில் கடன் என்ற ஒரே சொல்தான்.

அந்த மலையடிவாரத்து வீடொன்றிலிருந்து மருத்துவம் படித்து முடித்த ஒருவர், அடுத்ததாக எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதில் சேர்ந்த முதல் அணி படிப்பை முடித்து வெளியே வரும் காலம் இது. கட்டணத்தை அரசே கட்டிப் படிக்க வைத்த பிள்ளை, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு லாப நட்டம் படிக்கப் போகலாமா? அந்த இடம் வேறொரு பிள்ளைக்குக் கிடைத்திருந்தால் ஊருக்கு ஒரு டாக்டராவது மிஞ்சியிருப்பாரே என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியர் எம்.பி.ஏ.வுக்குப் போனால் பாராட்டி அனுப்புகிறோம். டாக்டர் போனால் மட்டும் துரோகம் என்கிறோம். தவிர, நோயாளியின் உயிர் வார்டில் மட்டுமே காப்பாற்றப்படுவதாக இந்தக் கேள்வி நினைத்துக்கொள்கிறது. வார்டுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு: 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பாஸ்புக். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன மாத்திரை இருக்கிறது என்பதை அந்தப் பாஸ்புக்கும் கிடங்கும்தான் தீர்மானிக்கின்றன. மருந்துச்சீட்டு எழுதும் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அலமாரி காலியாக இருந்தால் என்ன செய்யும்?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த இருவரை இங்கே நினைக்கலாம். ஒருவர் பிரதாப் ரெட்டி. 1960இல் எல்லை மாறும்வரை திருத்தணி எந்தச் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததோ, அதே மாவட்டத்து அரகொண்டாக்காரர். 1983இல் சென்னையில் அப்போலோவைத் தொடங்கினார். மற்றவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை சிகிச்சையை மெக்டொனால்ட்ஸ் கடைபோல ஒரே தரத்தில் ஏராளமான பேருக்குக் கொண்டுசேர்க்க முடியாதா என்று கேட்டவர் அவர். இருவரும் கட்டியவை ஒன்றுபோல இல்லை. ஏழைக்கு எந்தக் கதவு எளிதாகத் திறக்கிறது என்பது நோயாளிகளுக்குத் தெரியும். ஆனால் வணிகக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இவற்றை அவர்கள் கட்டவில்லை. அரவிந்துக்குத் தேவைப்பட்ட நிர்வாகப் படிப்பு கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த துளசிராஜின் வடிவில் 1981இல் வந்து சேர்ந்தது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியே அரவிந்தைப் பாடமாக எழுதியது. மேலாண்மை கற்கப் போகும் தமிழ் டாக்டர், மதுரைக் கதையை அங்கே போய் ஆங்கிலத்தில் படிக்கக்கூடும்.

ஆகவே போவது தவறில்லை. சிக்கல் விண்ணப்பத்தில் தொடங்குகிறது.

ஹைதராபாத்திலுள்ள ஐ.எஸ்.பி. வணிகப் பள்ளியும் வெளிநாட்டு வணிகப் பள்ளிகளும் கட்டுரை எழுதித் தரச் சொல்கின்றன. ஐ.ஐ.எம்.களில் அதையே நேர்காணலில் கேட்கிறார்கள்: டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கே ஏன்? பதில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஓர் இரவுப் பணி, ஒரு கர்ப்பிணி, நேரத்துக்கு வராத ரத்தம், அன்றே முடிவெடுத்தேன், படித்துவிட்டுத் திரும்பி எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் மருத்துவமனைகள் அமைப்பேன். இவற்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த இரவு உண்மையாகவே நடந்திருக்கும்.

ஆனால் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஈராண்டுப் படிப்புக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஐ.எஸ்.பி.யில் அதைவிடக் கூடுதல். 25 லட்சத்தைப் பத்து விழுக்காடு வட்டிக்கு வாங்கிப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 33,000. தமிழக அரசில் உதவி மருத்துவராக நுழைபவரின் அடிப்படை ஊதியம் 56,100. சிற்றூர் மருத்துவமனைக் கனவின் எதிரே இந்த 33,000 மாதாமாதம் வந்து நிற்கும். வங்கிக் கடனுக்குத் தேதி உண்டு, தவறினால் அழைக்க ஆள் உண்டு. ஊருக்குப் பட்ட கடனுக்கு இரண்டும் கிடையாது. இரண்டு கடன் ஒருவர் தலையில் இருந்தால் எது முதலில் அடைபடும் என்பதைக் கணிக்க எம்.பி.ஏ. வேண்டாம். விண்ணப்பம் எழுதும்போதே இந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். தெரிந்தும் "திரும்புவேன்" என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி.

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், படிக்கிறவர்களும் அதை அப்படியே நம்புவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சரக்கின் தரம் தெரிந்திருந்தால் ஏமாற்று எங்கே? இது லேசான வாதம் அல்ல. ஆனால் இந்தப் பேரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அந்த இரவின் கர்ப்பிணி. அவருடைய ரத்தப்போக்கு இன்னொருவரின் இடத்துக்குச் சான்றாக வைக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. தன் ஊரின் பெயரில் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருப்பதும் தெரியாது. காய்ச்சல் இரவில் வேண்டிக்கொண்ட தாயும் கையிருப்பை எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லைதான். ஆனால் அவள் தன் பிள்ளையின் நோயைச் சொல்லித் தன் கடனைத்தான் ஏற்றுக்கொண்டாள்.

நேர்மையான பதில் எடுபடாது என்ற பயமும் புரிகிறது. 1888இல் இதே திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததற்குக் காரணம், படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பாடப்புத்தகங்களைக் கொடுத்ததுதான் என்பார்கள். அதை இன்றைய நேர்காணலில் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியதும் அதே இளைஞர்தான். சம்பளம் வேண்டும், வார்டு சலித்துவிட்டது, வீட்டில் தங்கை கல்யாணம் இருக்கிறது என்பவை கீழான காரணங்கள் அல்ல. உயர்ந்த காரணத்தால் அவற்றை மூடும்போதுதான் அவை அழுக்காகத் தெரிகின்றன.

வாக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மஞ்சள் துணிக்கு ஈடாக ஏதாவது வீட்டில் இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் வைத்திருப்பது அப்படி ஒன்று. தவணை முடியும் ஆண்டை நாட்காட்டியில் குறித்து, அதற்கு மறு ஆண்டு எங்கே இருப்பேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பது இன்னொன்று. அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அனுப்புவதற்கு முந்தைய நாள் அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம், அதே வார்டில், அந்த இரவு உடனிருந்த செவிலியரிடம். ஆந்திர எல்லை ஊர் ஆயிற்றே, சிலருக்குத் தெலுங்கிலும் சொல்ல வேண்டியிருக்கும்.