ராகு காலம் முடியும்வரை

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மொத்தம் 11 வீட்டார். ஒவ்வொரு வீட்டாரும் படியிறங்கிய பிறகு அத்தை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஒரே வசனத்தைச் சொல்வார்: "சுந்தரர் கல்யாணத்தையே சாமி பந்தலுக்கு வந்து நிறுத்துச்சு. தடுத்தது ஆட்கொள்ளத்தான்டி." எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். அந்தக் கல்யாணம் நின்றுபோன புத்தூருக்கு இன்றைக்கும் மணம்தவிர்ந்தபுத்தூர் என்றுதான் பெயர். வரன் தட்டிப்போனால் ஆறுதல் சொல்ல ஓர் ஊரே கையருகில் இருப்பது எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் வாய்த்த வசதி.

11 பேரைத் தடுத்தும் சாமி என்னை ஆட்கொண்டபாடில்லை. ஆட்கொண்டது வங்கி வேலைதான். மூன்று மாவட்டம் மாற்றிவிட்டார்கள்.

ஐந்தாவதாக வந்தவர்களை மறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை, நாலேகால் மணி. பஜ்ஜித் தட்டு வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "வேலைய விட்டுடுவல்லம்மா?" என்றார். "இல்லைங்க" என்றேன். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மணி 4.30. ஞாயிறு என்றால் ஆறு மணிவரை ராகு காலம், கிளம்ப முடியாது.

வேண்டாம் என்று முடிவாகிவிட்ட வீட்டில் ஒன்றரை மணி நேரம்! முதல் பத்து நிமிடம் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். அப்புறம் அம்மா வேறு வழியில்லாமல் ராத்திரிக்கு வைத்திருந்த முருங்கைக்கீரையை எடுத்துவந்து ஆய ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவும் தரையில் இறங்கி உட்கார்ந்து, பழுத்த இலைகளைத் தனியாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். மாப்பிள்ளை நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மெல்லிய குறட்டை. நான் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து மீதி பஜ்ஜியைத் தின்றேன். அந்த 11 ஞாயிறுகளிலும் யாரும் யாரையும் எடைபோடாத நேரம் அந்த ஒன்றரை மணிதான். வேண்டும், வேண்டாம் இரண்டும் தீர்ந்துபோனால் மனிதர்கள் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

இதையெல்லாம் நான் அலுவலகத்தில் நடித்துக் காட்டுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கென்று கூட்டம் கூடும். 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர், துன்பம் வந்தால் சிரி என்கிறார். அதைத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று அவர் சொல்லவில்லை.

எட்டாவது வரன்தான் என் கதைகளிலேயே அதிகக் கைதட்டல் வாங்கியது. கடலூரில் ஒரு பழரசக் கடை. அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கேள்விகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் விடைக்கு இடம் விட்டு, ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கோட்டை நான் காற்றில் போட்டுக் காட்டினாலே போதும், காசாளர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நீங்கதானே மாதுளை ஜூஸ்?" அந்த நோட்டுக்காரரின் மனைவி. ஜாதகத்தோடு வந்திருந்த என் போட்டோவை வீட்டில் பார்த்திருக்கிறாள். "கோபம் வருமா?" என்ற ஏழாம் கேள்விக்கு, "வரவே வராது" என்று நான் மேசையைத் தட்டியதில் டம்ளர் கவிழ்ந்து நோட்டு முழுக்கச் சிவப்பானதை அவர் நடித்துக் காட்டுவாராம். "அவர் தட்டுறதப் பாத்தா எங்க மாமியாரே சிரிச்சுடுவாங்க." அந்தத் தட்டலை என் கதையில் நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. கையிலிருந்த அப்பளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நொறுக்கினேன்.

சிரிப்பு நான்கில் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம்: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. என் சிரிப்பு முதல் வகை என்று கர்வத்தோடு இருந்தேன். இன்னொரு வீட்டில் நான் மூன்றாம் வகைக்கு உதாரணமாக இருந்திருக்கிறேன்.

அதன் பிறகு அத்தையின் கதையும் எனக்கு வேறாகிவிட்டது. கிழ அந்தணராக வந்த சிவன், மாப்பிள்ளையைத் தன் அடிமை என்றதும் பந்தலில் சிலர் கோபப்பட்டார்கள், சிலர் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதுகிறார். மாப்பிள்ளை அடிமை ஓலையைக் கிழித்தது, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருந்தது, பாட்டனாரின் கையெழுத்தைப் பெரியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது எல்லாமே நல்ல நகைச்சுவைதான். கடைசியில் "பித்தா" என்று திட்டிய வாய்க்கே அந்தச் சொல்லால் தொடங்கும் பதிகம் கிடைத்தது. தடுக்கப்பட்டவருக்கு லாபம். ஆனால் அந்தப் பந்தலில் இன்னொருத்தியும் உண்டு. மணப்பெண், சடங்கவியாரின் மகள். அவள் சிரித்தாளா என்பது புராணத்தில் இல்லை. சுந்தரரையே நினைந்திருந்து எளிதில் சிவலோகம் சேர்ந்தாள் என்று அவள் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறார் சேக்கிழார். தடுத்தது நல்லதற்குத்தான் என்கிறோமே, யாருடைய நல்லதற்கு?

போன ஆடிச் சுவாதிக்கு, சுந்தரர் குருபூஜை என்று, அம்மாவைத் திருவெண்ணெய்நல்லூர் கூட்டிப்போயிருந்தேன். பிரகாரத்தில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி அம்மா கேட்டார், "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்னடி ஆச்சு?"

"சிவலோகம் போயிட்டாளாம்."

அம்மா ஒரு கடலையை மென்று விழுங்கினார்.

"சரி, அதுக்கு முன்னாடி?"