மூன்றாம் பங்கு

எனக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும், பிரான்சில் மார்செய் நகருக்கு அருகே கடலடியில் வாயில் கொண்ட கோஸ்கேர் குகையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது.

கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே அதன் வாயில். அங்கிருந்து நீர் நிறைந்த சுரங்கவழி நூறு மீட்டருக்கு மேல் ஏறிச் செல்கிறது. முடிவில், நீர் முழுதும் நிரம்பாத கூடத்தில், சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பதித்த கைத்தடங்கள். கடல் தாழ்ந்திருந்த காலம் அது. கால் நனையாமல் போய் வந்தார்கள். 1991-இல் அந்த வழியில் இறங்கிய மூவர் திரும்பவில்லை.

நீர்க்குகைக்குள் போகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கொண்டுபோகும் காற்றில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. மூன்றாம் பங்கைத் தொடக்கூடாது. அது ஆபத்துக்கு, காற்றிழந்து தவிக்கும் துணைவனுக்கு.

இதைச் சிக்கனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. "இருந்தால் கொடுக்க மாட்டேனா?" என்று நண்பர் ஒருவரிடம் கையை விரித்தேன். பொய்யில்லை, அன்று என்னிடம் ஒன்றுமில்லைதான். ஆனால் இல்லாமற் செய்தவன் யார்? வந்ததெல்லாம் எனக்கே என்று செலவழித்தவன் நானல்லவா?

இரக்கம் கேட்கும்போது பிறக்கலாம். ஈகை அதற்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.